பாம்பை விடுங்கள், பிளக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் ஒரே பக்கத்தில் இரண்டு விடயங்கள் வந்திருந்தன. ஒன்று, ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருக்கும் வாசகரின் கடிதம். குடியிருக்கும் பையன் அலுமாரி மாதிரி ஒன்றைத் தானே செய்து அதற்குள் பாம்பு வளர்க்கிறான், இரவு பகலாகச் சூடேற்றுகிறான், வீடு பற்றினால் யார் பொறுப்பு, மாநகரசபை பாம்பு வளர்ப்பையே தடை செய்யவேண்டும் என்று எழுதியிருந்தார். மற்றது, அதற்குக் கீழே செல்லப்பிராணிகள் பகுதியில் வந்த பதில். பாம்புப் பெட்டி குளிர்ந்தால் உள்ளே ஒரு 100 வாட் பல்பைப் போட்டுவிட்டால் போதும் என்று அதில் இருந்தது. முதலாமவரின் பயம் நியாயமானது, கோரிக்கைதான் சரியில்லை. இரண்டாவதில் சரியென்று சொல்ல எதுவுமே இல்லை.

நான் இந்த ஊரில் உரிமம் பெற்று மின் வேலை செய்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் மகள் பாம்பு வளர்க்கிறாள். பாம்புப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் அவளுடைய ராக்குக்குப் பலகை அறுத்ததும் வயர் இழுத்ததும் நான்தான். ஆகவே இது எனக்குப் பழக்கமான விடயம்.

தடை கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று. தடை ஏற்கெனவே இருக்கிறது. ரொறன்ரோவில் விஷப் பாம்பை வீட்டில் வைத்திருக்க முடியாது. மூன்று மீற்றருக்கு மேல் வளரும் இனங்களையும் வைத்திருக்க முடியாது. 2013 ஓகஸ்டில் நியூ பிரன்சுவிக் மாகாணத்துக் கம்பெல்டனில் ஒரு மலைப்பாம்பு தப்பி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தியைக் கேட்டவர்களுக்குப் பாம்பு என்றதும் வயிறு கலங்கினால் அதில் வியப்பில்லை. ஆனால் அது ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு. மூன்று மீற்றரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் அந்த இனத்துக்கு இந்த நகரத்தில் இடமே கிடையாது. இங்கே பேஸ்மென்ட்களில் அதிகம் இருப்பது பால் பைதான் என்கிற சிறிய மலைப்பாம்பு. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பிராணி. பெரிய பெண் பாம்பே ஒன்றரை மீற்றர் வந்தால் அதிகம். பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கும், பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். புற்று என்றதும் எங்கள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் நாகசதுர்த்தியன்று ஒரு செம்பு பாலோடு வந்து நின்றார். பாம்பு பால் குடிக்காது பெரியம்மா என்று சொல்லி, மகள் அந்தப் பாலில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

ராக் என்பது மந்திரப் பெட்டி எதுவும் இல்லை, இழுப்பறை அலுமாரிதான். மெலமைன் பூசிய பலகையில் தட்டுகள், ஒவ்வொரு தட்டின் மேலும் உடுப்பு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. பெட்டிக்கு மூடி கிடையாது, மேல்தட்டே மூடி. பெட்டி விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை நுழையும் அளவுக்குமேல் இடைவெளி இருந்தால் குட்டிப் பாம்பு காணாமல் போய்விடும். இடைவெளியே விடாமல் இறுக்கினால் கோடை ஈரத்தில் பலகை ஊதிப் பெட்டியை இழுக்க முடியாது. காற்றுக்காகப் பக்கச் சுவர்களில் ஈயம் பற்றவைக்கும் கோலால் துளை போடவேண்டும். பாம்பை இப்படி இழுப்பறையில் வைப்பது சரியா, அது முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க வேண்டாமா என்று வளர்ப்பவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடக்கிறது. அதில் நான் மகளின் கட்சி இல்லை. குட்டிகளுக்கு ராக் சரி, வளர்ந்த பாம்புக்கு நீளமான பெட்டிதான் மரியாதை என்று அவளிடம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அது வேறு வழக்கு.

சூட்டுக்கு வருவோம். பாம்பு தன் உடம்பில் தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் ஊர்ந்து போய்த்தான் தன்னைச் சமப்படுத்திக்கொள்ளும். தின்ற எலி செரிப்பதற்கும் சூடு வேண்டும், குளிரில் விட்டால் அது வயிற்றில் கெட்டுப்போய்ப் பாம்பு கக்கிவிடும். பால் பைதானுக்குப் பெட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறு முனையில் 25, 26 என்று இருக்கவேண்டும். ஜனவரியில் ஸ்காபரோ பேஸ்மென்ட் 18 டிகிரியில் நிற்கும். ஆகவே சூடேற்றாமல் முடியாது. அந்தப் பையன் இரவு பகலாகச் சூடேற்றுகிறான் என்றால் தன் கடமையைத்தான் செய்கிறான். எதைக் கொண்டு, எப்படி என்பதைத்தான் வீட்டுக்காரர் கேட்கவேண்டும்.

பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஹீட் டேப் என்கிற சூட்டு நாடா. மூன்று நான்கு அங்குல அகலம், தடிப்பில் புகைப்படத் தாள் அளவு. இரண்டு ஓரத்திலும் செப்புப் பட்டை, நடுவே கறுப்புக் கரி மையில் அச்சிட்ட குறுக்குப் பட்டைகள், மேலும் கீழும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. ஒரு ஓரத்துச் செம்பிலிருந்து மறு ஓரத்துக்கு மின்சாரம் அந்தக் கரியைக் கடந்து போகும்போது சூடு பிறக்கிறது. இதைத் தட்டின் பின்பக்கத்தில், பெட்டியின் மூன்றில் ஒரு பங்கு அதன்மேல் உட்காரும்படி பொருத்தவேண்டும். தட்டில் நாடாவின் அகலத்துக்கு ஆழம் குறைந்த ஒரு பள்ளம் செதுக்கி அதில் கிடத்தினால், பெட்டியை இழுத்துத் தள்ளும்போது அடிப்புறம் உரசி உறை தேயாது. நான் ரூட்டர் இயந்திரத்தால் செதுக்கினேன். அது இல்லாதவர்கள் நாடாவின் இரு பக்கமும் மெல்லிய மரச் சட்டம் ஒட்டி அதே இடைவெளியை உண்டாக்கலாம். நாடாவை மடிக்கக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று படியவிடக்கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் எதையும் போட்டு மூடக்கூடாது.

இந்த நாடாவுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கட்டுப்பாடில்லாமல் சுவரில் செருகிவிட்டால், மேலே பெட்டி மூடிக்கொண்டிருக்கும் இடத்தில் 50 டிகிரியைத் தாண்டிப் போகும். பாம்பின் வயிற்றைச் சுட அது தாராளம். சுட்டால் விலகிவிடாதா என்று கேட்கிறார்கள். விலகுவதில்லை. சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கிடக்க, அந்த ஒரு சாண் இடம் மட்டும் சூடாக இருந்தால் பாம்பு மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும் நேரத்தில் அடிவயிற்றுச் செதில்கள் முதலில் ரோஜா நிறமாகவும் பிறகு பழுப்பாகவும் மாறிக் கொப்புளித்திருக்கும்.

இனித் தீ. நாடாவின் நடுப்பகுதி தீப்பிடிப்பது அரிது. ஆபத்து இணைப்பில் இருக்கிறது. செம்புப் பட்டையில் வயரைப் பூட்டப் பல்லுள்ள கிளிப் விற்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் துளைத்துச் செம்பைக் கவ்வுமாறு அதை இடுக்கியால் நன்றாக நசுக்கி, மேலே காப்பு உறை போடவேண்டும். வெட்டிய மறுமுனையில் செம்பு வெளியே தெரியும், அதையும் மூடவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பாம்பு கவிழ்ப்பது அன்றாடக் கதை. பெட்டியில் கீறல் விட்டிருந்தால் தண்ணீர் நேரே அந்த முனைக்குத்தான் போகும். வேறு வேலைக்காகப் பக்கத்து நகரமான மார்க்கமில் ஒரு வீட்டுக்குப் போனபோது அங்கே இப்படி ஒரு ராக்கைப் பார்த்தேன். கிளிப்புக்குப் பதிலாக, உரித்த வயரை நாடாவின்மேல் வைத்து மரவேலை ஸ்டேப்ளரால் அடித்திருந்தார்கள். ஊசியைச் சுற்றி ஒரு சதக் காசளவு பழுப்பு வட்டம், நடுவில் பிளாஸ்டிக் குமிழியிட்டிருந்தது. போதாக்குறைக்கு நாடாவை ஒட்டியிருந்தது பளபளக்கும் அலுமினியத் தாள் டேப்பால். அலுமினியம் மின்சாரம் கடத்தும். அந்த டேப் செம்பு முனையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில்தான் முடிந்திருந்தது. பிளக்கைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு, புதிய கிளிப் வாங்கிய பிறகு வந்து வாங்கிக்கொள் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். மறுநாளே வந்தான்.

சூடு ஏறியதும் மின்சாரத்தைக் குறைக்கும் தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேன், போதாதா என்று கேட்பார்கள். போதாது, அதன் உணர்முனை எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். நீண்ட வயரின் நுனியில் பட்டாணியளவு ஒரு முனை இருக்கும். தான் கிடக்கும் இடத்தின் சூட்டை மட்டும்தான் அது அறியும். பலர் அதைப் பெட்டிக்குள் போடுகிறார்கள். பாம்பு அதைத் தள்ளும், அதன்மேல் சிறுநீர் கழிக்கும். சுத்தம் செய்யப் பெட்டியை இழுக்கும்போது முனை வெளியே வந்து தரையில் விழும். விழுந்த முனை 18 டிகிரி என்று சொல்லும். தெர்மோஸ்டாட் அதை நம்பி முழு மின்சாரத்தையும் நாடாவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கருவியில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் பெட்டிக்குள் பாம்பு வெந்துகொண்டிருக்கும்.

முனை இருக்கவேண்டிய இடம் நாடாவின் மேற்பரப்பு, பெட்டியின் அடிப்புறத்துக்கு வெளியே. நடுத்தட்டில், வயரைக் கேபிள் கிளிப்பால் பலகையோடு அறைந்து, யார் இழுத்தாலும் வராதபடி. மேல்தட்டு எப்போதும் கொஞ்சம் கூடுதல் சூடாகவும், கொங்கிரீட் தரையை ஒட்டிய கீழ்த்தட்டு குளிராகவும் இருக்கும் என்பதால் நடுத்தட்டு. இப்படிப் பொருத்தினால் தெர்மோஸ்டாட்டில் வைக்கும் எண்ணும் பெட்டிக்குள் கிடைக்கும் சூடும் ஒன்றாக இருக்காது. மகளின் ராக்கில் 36 என்று வைத்தால் பெட்டியின் தளம் 32 காட்டுகிறது. பலகை, பெட்டியின் தடிப்பு, அறையின் குளிர் எல்லாம் சேர்ந்து வரும் வித்தியாசம் அது, உங்கள் ராக்கில் வேறாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் பாம்புக்குப் படுக்கையாகப் போட்ட மரத்தூளை விலக்கி, வெறும் தளத்தில் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்துத்தான் எண்ணை முடிவு செய்யவேண்டும். தூளின் மேலே அளந்துவிட்டுத் திருப்திப்படக்கூடாது, பாம்பு தூளைத் தள்ளிவிட்டுத் தளத்தில்தான் படுக்கும். பளபளப்பான பரப்பில் அந்த வெப்பமானி பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அலுமினியத் தாளில் பிடித்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

மலிவான தெர்மோஸ்டாட்டுகளில் உள்ளே ரிலே என்கிற சுவிட்ச் ஒன்று டக் டக் என்று திறந்து மூடும். நாளடைவில் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு, ஒட்டினால் மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை, மின்சாரம் இரண்டையும் கடந்து போகும்படி தொடரிணைப்பில் போட்டு, முதலாவதைவிட மூன்று டிகிரி கூட்டி வைத்திருக்கிறேன். முதலாவது தூங்கிவிட்டால் இரண்டாவது துண்டிக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், குளியலறையில் இருப்பதுபோன்ற ஜிஎஃப்சிஐ பிளக். ஐந்து மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் வழிமாறிக் கசிந்தாலே அது துண்டித்துவிடும்.

100 வாட் பல்புக்கு வருகிறேன். அப்படிப்பட்ட சாதாரணக் குண்டு பல்புகளின் இறக்குமதியைக் கனடா 2014 ஜனவரியில் நிறுத்தியது. கடையில் இன்று '100 வாட்டுக்குச் சமம்' என்று எழுதியிருப்பது எல்ஈடி, அதில் வெளிச்சம் வரும், பாம்புக்குப் போதிய சூடு வராது. பழைய பல்பு எங்காவது கிடைத்து அதைப் பிளாஸ்டிக் இழுப்பறைக்குள் போட்டால் பெட்டி உருகும். உருகாவிட்டாலும் பாம்பு பல்பைச் சுற்றிக்கொள்ளும். இரவில் இரை தேடும் பிராணிக்கு இருபத்துநான்கு மணி நேரமும் வெளிச்சம் என்பது வேறு. இதை எழுதியவர் கோழிக்குஞ்சுப் பெட்டியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நம்மவர்களிடம் மட்டும் நான் பார்த்த இன்னொரு சங்கதி: லண்டனில் இருக்கும் உறவினர் மூலம் சூட்டு விரிப்பு தருவிப்பது. அங்கே 230 வோல்ட், இங்கே 120. அந்த விரிப்பு இங்கே தன் சூட்டில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் தரும். சூடு போதவில்லை என்று அதன்மேல் துணி போர்த்துவார்கள். மறுவளமாக, இங்கே வாங்கிய நாடாவை 230 வோல்ட் நாட்டுக்குக் கொண்டுபோய்ச் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடு பாயும். வோல்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

மின்சாரமே இல்லாவிட்டால்? 2013 நத்தாருக்கு முன்னர் வந்த பனிமழையில் ரொறன்ரோவில் மூன்று இலட்சம் இணைப்புகள் இருண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கு வெளிச்சம் வந்தது நத்தார் கழிந்த பிறகு. மகள் அப்போது சிறுமி, அவளிடம் ஒரேயொரு சோளப்பாம்பு இருந்தது. அதைத் தலையணை உறையில் கட்டி, மீன் வாங்கப் போகும் தெர்மகோல் பெட்டியில், துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலோடு வைத்தோம். சுடுதண்ணீர் கொதித்தது எரிவாயு அடுப்பில். என் மனைவிக்கு மீன் பெட்டி போனதில்தான் கோபம். உண்மையில் நலமான பாம்பு சில நாள் 20 டிகிரியைத் தாங்கும், அந்த நாட்களில் இரை மட்டும் போடக்கூடாது. செய்யவே கூடாதது, பார்பிக்கியூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவது. கார்பன் மொனொக்சைட்டுக்குப் பாம்பென்றும் மனிதனென்றும் பேதமில்லை.

இப்போது வீட்டுக்காரருக்கு. ஐயா, உங்களிடம் குடியிருக்கும் பையன் ராக்கை நாடாவால் சூடேற்றுகிறானா, அல்லது அறை முழுவதையும் கையடக்க ஹீட்டரால் சூடேற்றுகிறானா என்று முதலில் பாருங்கள். எட்டுப் பெட்டி ராக்கின் நாடா முழுவதும் சேர்ந்தாலும் பழைய 100 வாட் பல்பின் அளவை ஒட்டித்தான் இருக்கும். கையடக்க ஹீட்டர் 1500 வாட், அதாவது பன்னிரண்டரை ஆம்பியர். பதினைந்து ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு நாங்கள் விடும் எல்லை பன்னிரண்டு. அந்த ஹீட்டரை மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் செருகி மாதக்கணக்கில் ஓடவிட்டால், நான் பயப்படுவது பாம்பைப் பார்த்தல்ல. ஹீட்டர் இல்லையென்றால், தெர்மோஸ்டாட்டிலும் பிளக்கிலும் சிஎஸ்ஏ போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் முத்திரை இல்லாத மின்பொருளை விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. நாடாவின் நுனிகளைக் காட்டச் சொல்லுங்கள். உணர்முனை எங்கே என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவன் உடனே விரலை நீட்டிக் காட்டினால் அவன் வேலை தெரிந்தவன். விழித்தால் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் தளத்தில் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது சட்டப்படி உங்கள் பொறுப்பு. காப்புறுதிக் கம்பனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிறகு அவர்கள் காரணம் தேடமாட்டார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பல்பு பற்றிய அந்தப் பதிலுக்குத் திருத்தம் ஒன்று போடுங்கள். அதே செல்லப்பிராணிகள் பகுதியில், அதே அளவு எழுத்தில். பின்பக்கத்தில் மரண அறிவித்தல்களுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பணியாளர்,
ஸ்காபரோ